அந்த ட்ரங்குப் பெட்டியைப் பழைய பேப்பர் கடைக்குப் போடாதீர்கள்: நம் ஞாயிற்றுக்கிழமைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

குன்னூரில் ஞாயிறுதோறும் மேசைப்போர் ஆடக் கூடும் அண்ணன்கள், தம்பிகள், அக்கா தங்கச்சிகள் எல்லோருக்கும் வணக்கம்.

போன ஞாயிறு நான் வரவில்லை. மேட்டுப்பாளையத்தில் மாமா பெண்ணுக்குக் கல்யாணம். முகூர்த்தம் முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தபோதுதான் போனில் செய்தியைப் பார்த்தேன். இனிமேல் ரூல்புக் எல்லாம் டிஜிட்டலில்தான், குழுவில் சேர்ந்திருக்கும் 18,000 ரூபாயில் ஒரு டேப்லெட் வாங்குகிறோம், மிச்சத்தில் ஆப் சந்தா கட்டுகிறோம், பழைய ரூல்புக்குகளோடு ஹாலில் மூலையை அடைத்துக்கொண்டிருக்கும் ட்ரங்குப் பெட்டியை மாதக் கடைசிக்குள் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடலாம். பதினோரு பேர் கை தூக்கியிருக்கிறீர்கள், மூன்று பேர் வேண்டாம் என்றிருக்கிறார்கள். எனக்கு அப்புறம் சாப்பாடு இறங்கவில்லை.

வாட்ஸ்அப்பில் மூன்று வரி எழுதினால் அதற்கு நாலு கட்டைவிரல் விழும், பத்து நிமிஷத்தில் மேலே போய் மறைந்துவிடும். அதனால் நீளமாகவே எழுதுகிறேன், எல்லோரும் படிக்கிற மாதிரி வெளியிலும் வைக்கிறேன். கோயம்புத்தூரிலும் சென்னையிலும் பெங்களூரிலும் இந்த ஆட்டம் ஆடும் நம் ஆட்களுக்கும் இதே கேள்விதான் ஓடிக்கொண்டிருக்கிறது. பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை: மேசை மேல் மேடு, காடு, சுவர் எல்லாம் அமைத்து, விரல் உயர மினியேச்சர் வீரர்களை நிறுத்தி, இன்ச் டேப்பால் அளந்து நகர்த்தி, டைஸ் உருட்டி சண்டையின் முடிவைப் பார்க்கிற ஆட்டம் இது. எவ்வளவு தூரம் நகரலாம், எப்போது சுடலாம், சுவருக்குப் பின்னால் நின்றால் என்ன சலுகை என்று எல்லாவற்றையும் சொல்வது ரூல்புக். அது இல்லாவிட்டால் மேசையில் இருப்பது வெறும் பொம்மைதான்.

நான் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸ், பைண்டிங் கடை வைத்திருப்பவன் என்பது உங்களுக்குத் தெரியும். பேப்பர்காரன் பேப்பருக்குத்தான் பேசுவான் என்று ஒருவராவது நினைப்பீர்கள். அதற்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தில் நான் கேட்கும் எந்த வேலைக்கும் குழுவிடம் காசு வாங்க மாட்டேன். இருபத்திரண்டு வருஷமாக இந்த மலைக் குளிரில் காகிதம் என்ன பாடுபடுகிறது என்று கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன், அந்த அனுபவத்தில் பேசுகிறேன்.

உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. நம்மில் பாதிப்பேர் ஆடும் வார்ஹேமர் 40,000 ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1987-ல் வந்த ஆட்டம். 2017-ல் எட்டாம் பதிப்பு, 2020-ல் ஒன்பது, 2023-ல் பத்து. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை விதிகள் மாறுகின்றன. ஒவ்வொரு படைக்கும் தனியாக ஒரு கோடெக்ஸ் புத்தகம் வேறு. அந்தப் புத்தகத்தில் ஒரு வீரனைப் படையில் சேர்க்க இத்தனை பாயிண்ட் செலவு என்று அச்சடித்திருப்பார்கள், கொஞ்ச நாளில் அதே நிறுவனம் இலவசப் பிடிஎஃப் ஒன்றில் அந்த எண்ணை மாற்றிவிடும். ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தில் பாதிப் பக்கம் செல்லாத நோட்டு மாதிரி ஆகிவிடுகிறது. கெட்டி அட்டைப் புத்தகத்தை வெளிநாட்டிலிருந்து தருவித்தால் தபால் செலவே பயமுறுத்தும். அச்சுப் புத்தகத்துக்கு இங்கே ஜிஎஸ்டி கிடையாது என்பது உண்மை, ஆனால் இறக்குமதியாகும் புத்தகத்துக்கு 2019 பட்ஜெட்டில் 5 சதவீதம் சுங்கவரி போட்டார்கள். புத்தகமும் பொம்மையும் ஒரே பெட்டியில் வரும் ஸ்டார்ட்டர் செட் என்றால் இன்னும் மோசம், பொம்மைகளுக்கான சுங்கவரி 2020-ல் 20-லிருந்து 60 சதவீதமானது, 2023-ல் 70 ஆனது. கேத்தியிலிருந்து பஸ் ஏறி வரும் பிளஸ் டூ தம்பியிடம் 'முதலில் புத்தகம் வாங்கிக்கொண்டு வா' என்று சொன்னால் அவன் அடுத்த வாரம் வரவே மாட்டான். அவன் உள்ளே வந்ததே இலவசமாகக் கிடைத்த பிடிஎஃப் வழியாகத்தான். பத்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை நிறுவனமே இலவசமாகப் போட்டது. இன்ஃபினிட்டி என்ற இன்னொரு மினியேச்சர் ஆட்டத்தின் விதிகளும் அப்படித்தான், இறக்கிக்கொண்டு படிக்கலாம். கண் சரியாகத் தெரியாத ஐயா ஒருவர் பக்கத்து ராணுவ ஊரான வெலிங்டனிலிருந்து வருகிறார், போனில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க முடிகிறது என்று அவர் சந்தோஷப்பட்டதை நானே பார்த்தேன். இதையெல்லாம் யாரும் மறுக்க முடியாது. நான் மறுக்கவும் இல்லை.

ஆனால் போன ஆகஸ்டில் நடந்ததை அதற்குள் மறந்துவிட்டீர்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வந்தவாசி ஆட்டம். 1760 ஜனவரி 22-ம் தேதி அயர் கூட் என்ற ஆங்கிலேயத் தளபதியின் படையும் லாலியின் பிரெஞ்சுப் படையும் மோதிய சண்டை, தென்னிந்தியாவில் பிரெஞ்சுக்காரர்களின் கனவைக் கலைத்த சண்டை. மதராஸ் சிப்பாய்களுக்குப் பெயின்ட் அடிக்கவே ஆறு வாரம் ஆனது. காலை பத்தரைக்கு ஆரம்பித்தோம். பதினொன்றேகாலுக்குக் கரண்ட் போனது, மேலே எங்கேயோ மரம் லைன் மேல் விழுந்துவிட்டது என்றார்கள். சரியாக மூடாத அந்த ஜன்னல் வழியாக மிஸ்ட் உள்ளே வந்து மேசை மேலேயே நின்றது. பிரெஞ்சுப் பக்கத்தில் வெடிமருந்து வண்டி மேல் குண்டு விழுந்தது. நிஜச் சண்டையிலும் அப்படி ஒரு வண்டி வெடித்துச் சிதறியதுதான் பிரெஞ்சு வரிசையைக் கலைத்தது, அதனால் எல்லோருக்கும் ஒரு சிலிர்ப்பு. எத்தனை இன்ச் தூரத்துக்கு வெடிப்பு பாதிக்கும்? ஆப்பைத் திறந்தார்கள். ராத்திரி தானாக அப்டேட் ஆகியிருந்தது, திரும்ப லாகின் கேட்டது. லாகினுக்கு ஓடிபி. ஓடிபிக்கு சிக்னல் வேண்டும். டவருக்கே கரண்ட் இல்லை. இரண்டு பேர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கும் ரோட்டுக்கும் நடந்தார்கள். மற்றவர்கள் கையை ஸ்வெட்டருக்குள் விட்டுக்கொண்டு, மேசையைப் பார்த்தபடி நின்றோம். நாற்பது நிமிஷம்.

அருவங்காட்டிலிருந்து அப்பாவோடு வரும் ஒன்பதாம் வகுப்புப் பொண்ணுதான் யாரும் சொல்லாமலே ட்ரங்குப் பெட்டியைத் திறந்தாள். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, பழைய பதிப்பு ஒன்றை எடுத்து, கடைசிப் பக்க அகரவரிசைப் பட்டியலில் விரலை ஓட்டி, பக்கத்தைப் பிரித்து மேசை மேல் வைத்தாள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. ஆறு இன்ச் என்று போட்டிருந்தது. அளந்தோம், டைஸ் உருட்டினோம், ஆட்டம் நகர்ந்தது. எல்லோரும் ஒரே பக்கத்தைக் குனிந்து பார்த்தோம், ஒருவர் தலை இன்னொருவர் தலையில் இடித்துக்கொண்டது. போனில் பார்க்கும்போது அது நடக்காது. ஒருவர் பார்த்துச் சொல்ல மற்றவர்கள் நம்ப வேண்டும், இல்லையென்றால் அந்தச் சின்னக் கண்ணாடி கை மாறி கை மாறிப் போய் வர வேண்டும்.

விஷயம் அதோடு முடியவில்லை. நாலு மணிக்கு சிக்னல் வந்து ஆப் திறந்தபோது நாலு இன்ச் என்று காட்டியது. இன்னொரு அண்ணன் போனில் இறக்கி வைத்திருந்த பிடிஎஃபில் ஆறு இன்ச்தான், ஆனால் உருட்ட வேண்டிய டைஸ் எண் வேறு. மூன்று இடத்தில் மூன்று விதி. ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தினோம், இன்னும் அப்படியே நிற்கிறது.

இதைத்தான் நம் ஊரில் பாடபேதம் என்பார்கள். ஓலைச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே.சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியையும் 1894-ல் புறநானூற்றையும் அச்சில் கொண்டுவந்தபோது, ஒரு ஏட்டில் ஒரு சொல், இன்னொரு ஏட்டில் வேறு சொல் என்று இருந்ததையெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுக்க வேண்டியிருந்தது. அவருக்காவது ஏடுகள் எதிரில் இருந்தன. ஆப் நேற்று என்ன சொன்னது என்று இன்று பார்க்கவே முடியாது. மாறியதே தெரியாமல் மாறுகிறது. போன மாதம் இப்படித்தானே ஆடினோம் என்று நான் சொன்னால், இல்லையே, இதோ பார் என்று திரையைக் காட்டுவீர்கள், நான் பொய் சொன்னவன் மாதிரி நிற்க வேண்டும். இரண்டு பேரும் உண்மைதான் பேசுகிறோம். புத்தகத்தில் பதிப்பு எண், வருஷம் இரண்டும் முதல் தாளிலேயே அச்சாகியிருக்கும். இந்தப் பதிப்பை வைத்து ஆடுகிறோம் என்று ஆரம்பத்திலேயே ஒத்துக்கொண்டால் சாயங்காலம் வரை சண்டை மேசையில் மட்டும்தான் நடக்கும்.

இன்னொரு குழப்பம். டிஜிட்டல் என்று ஒரே வார்த்தையில் ஓட்டுப் போட்டீர்கள், அதற்குள் இரண்டு வேறு வேறு சாமான்கள் இருக்கின்றன. பிடிஎஃப் என்பது ஒரு கோப்பு. அதை இறக்கி, பென் டிரைவில் போட்டு, இன்னொரு பிரதி எடுத்து வைத்து, வேண்டிய பக்கத்தை அச்சடித்துக்கொள்ளலாம். நிறுவனமே மூடிப்போனாலும் அது உங்கள் கையில் இருக்கும். ஆப் என்பது குடக்கூலி வீடு. மாதாமாதம் கொடுக்கிற வரை இருக்கலாம், வீட்டுக்காரர் சாவியை மாற்றினால் வெளியேதான் நிற்க வேண்டும். இது வெறும் பயமில்லை. 2009-ல் அமேசான், காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே சில புத்தகங்களை அவர்களைக் கேட்காமல் அழித்தது. 2019-ல் மைக்ரோசாஃப்ட் தன் மின்புத்தகக் கடையை மூடியபோது, வாங்கி வைத்திருந்த புத்தகங்கள் எல்லோருக்கும் படிக்க முடியாமல் போயின. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், சரி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் மேசை முன்னால் நிற்கும்போது பணம் திரும்பி வந்ததால் என்ன பிரயோஜனம்? இவ்வளவு பெரிய நிறுவனங்களே அப்படிச் செய்யும்போது, ஐந்தாறு பேர் சேர்ந்து நடத்தும் ஒரு ஆட்டக் கம்பெனியின் ஆப் இன்னும் பத்து வருஷம் ஓடும் என்று யார் உத்தரவாதம் தருவது? அச்சுப் புத்தகத்தோடு ஒரே ஒரு தடவை மட்டும் பயன்படுத்தக்கூடிய குறியீட்டு எண் தருகிறார்கள் பாருங்கள், அதை ஒருவர் போட்டுவிட்டால் புத்தகத்தை வாங்கும் அடுத்தவருக்கு ஆப்பில் ஒன்றும் கிடைக்காது. நம் குழுவில் கோடெக்ஸ் புத்தகம் எத்தனை கை மாறியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

பேப்பரின் குறைகளை நான் மறைக்கவில்லை. இந்த மலையில் புத்தகத்துக்கு எத்தனை எதிரிகள் என்று என்னை விட யாருக்குத் தெரியும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அந்த வாரம் என் கடையில் கட்டு பிரிக்காத ஏ4 தாள்கூட ஓரம் அலை அலையாக வளைந்துவிட்டது. ரூல்புக் பெரும்பாலும் பளபளப்பான ஆர்ட் பேப்பரில் வருகிறது, வண்ணப் படங்கள் நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. அந்தத் தாளின் மேல் ஒரு மெல்லிய பூச்சு இருக்கும். ஈரம் பட்டால் அந்தப் பூச்சு இளகி, காயும்போது பக்கத்துத் தாளோடு ஒட்டிக்கொள்ளும். போன வருஷம் ட்ரங்குப் பெட்டியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து வந்து கடையில் பிரித்துப் பார்த்தேன். ஐப்பசி மழையில் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. நாற்பதாவது பக்கத்திலிருந்து ஐம்பத்திரண்டு வரை ஒரே பலகை. தட்டையான எலும்புக் கத்தியை ஓரத்தில் நுழைத்து மெதுவாக நகர்த்தினேன், பூரிக்கு நடுவில் விரல் விடுவது போல. முதல் இரண்டு தாள் வந்தன. மூன்றாவதில் இடது பக்கக் குதிரைப்படையின் படம் அப்படியே உரிந்து வலது பக்க அட்டவணை மேல் ஒட்டிக்கொண்டது. எண்களுக்கு மேல் குதிரையின் கால்கள். அதற்கு மேல் பிரிக்க எனக்கு மனசு வரவில்லை. இது போதாது என்று கோந்து பைண்டிங் வேறு. குளிரில் கோந்து விறைத்துப் போய், மேசையில் தட்டையாக விரித்து அழுத்தினால் முதுகு படக்கென்று உடையும், நடுவில் இருபது தாள் கையோடு வரும். அப்புறம் பூஞ்சை, ராமபாணம் என்கிற புத்தகப் பூச்சி.

ஆனால் இவை எல்லாமே சரிசெய்யக்கூடிய குறைகள். மேப்லித்தோ என்கிற பூச்சில்லாத தாள் ஒட்டாது, வளைந்தாலும் வெயிலில் வைத்தால் நிமிர்ந்துகொள்ளும், பென்சிலால் எழுதலாம். அறுபது, எழுபது பக்கம் என்றால் சென்டர் பின் அடித்தால் போதும், மேசையில் மட்டமாகக் கிடக்கும். ஆஸ்ப்ரே என்ற பதிப்பகம் வெளியிடும் நீல அட்டைச் சின்ன விதிநூல்கள் 64 பக்கம்தான், எத்தனை வருஷமாக நம்மிடம் உழைக்கின்றன பாருங்கள். அதற்கு மேல் பெரிது என்றால் தாள்களைப் பாரம் பாரமாக, அதாவது சின்னச் சின்னக் கட்டாக மடித்து நூல் தையல் போட வேண்டும். நூலால் தைத்த புத்தகம் ஐம்பது வருஷம் கழித்தும் பிரிந்து போகாது, எங்கள் தாத்தா தைத்த மளிகைக் கடைப் பேரேடு இன்னும் வீட்டில் இருக்கிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். குழுவில் சுற்றும் அந்த ஸ்கேன் செய்த திருட்டுப் பிடிஎஃப்களை நான் அச்சடிக்க மாட்டேன். இதை எழுதுகிறவர்கள் பலர் சின்னக் குழுக்கள், ஒரு புத்தகம் விற்றால்தான் அடுத்தது வரும். நிறுவனமே இலவசமாகக் கொடுப்பது, காசு கொடுத்து வாங்கிய பிடிஎஃபில் சொந்தப் பயனுக்கு அச்சடிக்கலாம் என்று அனுமதி எழுதியிருப்பது, இந்த இரண்டும் போதும் நமக்கு. அப்படி அனுமதி இருக்கும் விதிநூல்கள் நிறைய இருக்கின்றன.

சரி, அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஓட்டுப் போட்ட பதினோரு பேரில் எத்தனை பேர் கடைசியாகத் திறந்து பார்த்தீர்கள்? நமக்கெல்லாம் இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்த சுபேதார் சாருடைய புத்தகங்கள் அதில்தான் இருக்கின்றன. சார் போய் நாலு வருஷம் ஆகிறது. புதிதாக வந்தவர்களுக்கு அவரைத் தெரியாது. வெலிங்டனில் பணி முடித்து இங்கேயே தங்கிவிட்டவர். ஒரு விதியில் தகராறு வந்தால் கத்த விட மாட்டார், டைஸ் உருட்டச் சொல்லுவார், ஆட்டம் முடிந்து டீ குடிக்கும்போது புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைச் சத்தமாகப் படிப்பார், எல்லோரும் ஒத்துக்கொண்டதைப் பென்சிலால் ஓரத்தில் எழுதித் தேதி போடுவார். 'சுவர் மறைவு, பாதி உடம்பு தெரிந்தால் போதும், 14-6-2009, எல்லோரும் சரி என்றார்கள்.' இன்னொரு பக்கத்தில், 'பையன்கள் புதுசு, இந்த விதியை மூன்று ஆட்டம் கழித்துச் சொல்.' அந்த வரியைப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது, என் முதல் மூன்று ஆட்டத்தில் அவர் எனக்கு அந்த விதியைச் சொல்லவே இல்லை. அந்த ஓரங்களில் இருப்பது நம் ஊரில் இந்த ஆட்டம் எப்படி ஆடப்பட்டது என்பதன் பதிவு. கிலோ பதினைந்து ரூபாய்க்கு அதைப் போடப் போகிறீர்களா?

பழைய காலத்தில் இந்த ஆட்டமே ராணுவத்தில் பிறந்ததுதான் என்று சார் சொல்வார். பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்பவர் 1812-ல் அரசருக்கு மேசை செய்து காட்டினார், அவர் மகன் 1824-ல் விதிகளைப் புத்தகமாக அச்சிட்டார். அட்டவணை மேல் அட்டவணை. பிற்காலத்தில் அதிகாரிகளுக்கே சலித்துப்போய், 1876-ல் வெர்டி து வெர்னுவா என்ற தளபதி, இத்தனை அட்டவணை எதற்கு, அனுபவமுள்ள நடுவர் ஒருவர் சொன்னால் போதாதா என்று கேட்டார். நம் ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலி, பதினைந்து ஆடு, கோயில் தரையில் கோடு, விதி வாய்வழியாகவே வந்துவிட்டது. நம் ஆட்டத்துக்கு அது முடியாது, சொல்ல வேண்டியது அவ்வளவு இருக்கிறது. ஆனால் ஆட்டத்துக்கு நடுவில் எத்தனை தடவை தேடுகிறோம் என்பதைக் குறைக்கலாம். அதற்கு முதலில் விதி தலையில் ஏற வேண்டும், எனக்குத் தெரிந்தவரை அது புத்தகத்தில்தான் நன்றாக ஏறுகிறது. இடது பக்கம், மேல் மூலை, பீரங்கிப் படத்துக்குக் கீழே என்று இடத்தோடு ஞாபகம் இருக்கும். பிடிஎஃபில் தேடும் வசதி அருமைதான், ஆனால் தேட வேண்டிய சொல் தெரிந்தவனுக்குத்தான் அது உதவும். புதிதாக வரும் பிள்ளைக்கு எதைத் தேடுவது என்றே தெரியாது, அவன் முதல் பக்கத்திலிருந்து ஒரு தடவை வாசித்தாக வேண்டும். நாலு ஆட்டத்தின் விதி அறிவிப்புகளும் மழைச் செய்தியும் ஒன்றாக வந்து விழும் போனில் யாரும் அறுபது பக்கத்தை வாசிப்பதில்லை.

இன்னொன்று. ஸ்னூக்கர் தெரியும் உங்களுக்கு. 1875-ல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லைன் என்ற ராணுவ அதிகாரி (பின்னால் பிரதமரானவர் இல்லை, வேறு ஆள்) விளையாட்டாக ஆரம்பித்த ஆட்டம், அதன் விதிகள் 1882-ல் நம் ஊட்டி கிளப்பில்தான் எழுதி மாட்டப்பட்டன. பில்லியர்ட்ஸ் ரூமில், எல்லோர் கண்ணிலும் படும்படி. உலகம் முழுக்க ஆடும் ஒரு ஆட்டத்தின் விதி இந்த மலையில் ஒரு சுவரில் தொங்கியிருக்கிறது. நம் ஹாலிலும் ஒரு சுவர் காலியாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அதிகம் தேடும் விதிகளை மட்டும் ஒரே பக்கமாகத் திரட்டி, ஏ2 அளவில் பெரிய எழுத்தில் அச்சடித்து மாட்டினால் மேசையின் எந்தப் பக்கம் நின்றாலும் தெரியும். லேமினேஷன் வேண்டாம், கெட்டி அட்டையில் ஒட்டித் தருகிறேன். மலையில் பிளாஸ்டிக் வேண்டாம் என்று இத்தனை காலமாகச் சொல்லிக்கொண்டு நாமே அதைச் செய்யக் கூடாது. வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றிக்கொள்ளலாம்.

ஆகையால் நான் கேட்பது இதுதான். எல்லாவற்றையும் ஒரே பக்கம் தள்ளாதீர்கள், விதிகளையே இரண்டாகப் பிரியுங்கள். எப்படி நகர்வது, சுடுவது, மோதுவது, ஓடுவது என்ற அடிப்படை விதிகள் அவ்வளவாக மாறுவதில்லை, அவை காகிதத்தில் இருக்கட்டும். ஆட்டத்துக்கு இரண்டு பிரதி, ஏ5 அளவு, மேப்லித்தோ, ஓரத்தில் எழுத இடம் விட்டு. பாயிண்ட், பிழைதிருத்தம், படைப் பட்டியல் இவையெல்லாம் மாறிக்கொண்டே இருப்பவை, அவை டிஜிட்டலில் இருக்கட்டும், ஆனால் ஆப்பில் வேண்டாம், பிடிஎஃபாக இறக்கி, கோப்பின் பெயரிலேயே தேதி போட்டு வைப்போம். ஒரு தொடர் ஆட்டம் ஆரம்பித்தால் அது முடிகிற வரை அந்தத் தேதிக் கோப்புதான். நடுவில் புதுசு வந்தால் அடுத்த தொடருக்கு. டேப்லெட் வாங்குங்கள், நான் தடுக்கவில்லை, விலை குறைந்ததாகப் பார்த்து, சிம் இல்லாமலே ஓடுகிற மாதிரி எல்லாவற்றையும் உள்ளேயே ஏற்றி வைப்போம். முழு சார்ஜோடு கொண்டு வருவது யார் என்று முறை போட்டுக்கொள்வோம். ஆப் சந்தா மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தப் பணத்தில் சின்னக் கம்பெனிகளிடமிருந்து வருஷத்துக்கு இரண்டு விதிநூலை முறையாக வாங்கலாம், கேத்தித் தம்பி போல வருகிறவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டுத் தரலாம்.

பெட்டியை நான் கடைக்கு எடுத்துப் போகிறேன். ஒட்டிப்போனவற்றில் பிரிக்க முடிந்ததைப் பிரித்து, உடைந்த முதுகுகளைத் தைத்துத் தருகிறேன். சாருடைய பென்சில் குறிப்புகள் இருக்கும் ஓரங்களை மட்டும் நல்ல ஸ்கேனரில் எடுத்து எல்லோருக்கும் அனுப்புகிறேன், அது சார் எழுதியது, அதனால் முதலில் சார் வீட்டில் அக்காவிடம் அனுமதி கேட்டுக்கொள்கிறேன். புத்தகங்களுக்கு இரும்புப் பெட்டி வேண்டாம், உள்ளே வேர்த்துக்கொண்டே இருக்கும். ஹாலில் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில், தரையிலிருந்து இரண்டடி மேலே ஒரு மர அலமாரி போட்டால் போதும், நடுவில் கொஞ்சம் காற்றுப் போக இடம் விட்டு, மாதம் ஒரு தடவை வெயில் நாளில் வெளியே வைத்து எடுத்தால் பூஞ்சை வராது. பலகை என்னிடம் இருக்கிறது. ஆணி அடிக்க மட்டும் ஹால்காரரிடம் யாராவது கேட்டு வையுங்கள்.

வரும் ஞாயிறு ஒன்பது மணிக்கே வந்துவிடுகிறேன். பெட்டிச் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் கொண்டு வாருங்கள். கை தூக்கிய பதினோரு பேரும் கண்டிப்பாக வரவேண்டும், முதலில் பெட்டியைத் திறந்து பார்ப்போம், பார்த்த பிறகு திரும்ப ஓட்டு எடுப்போம். அப்புறம் வந்தவாசி ஆட்டத்தை விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வெடிமருந்து வண்டி ஆறு இன்ச்சா நாலு இன்ச்சா என்பதை டைஸைத் தொடும் முன்னால் பேசி முடித்து, புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதித் தேதி போட வேண்டும். எழுதுவது அந்த அருவங்காட்டுப் பொண்ணாக இருக்கட்டும்.

அன்புடன்,
பஸ் ஸ்டாண்ட் ஜெராக்ஸ் கடையிலிருந்து,
குன்னூர்